மாரி பூத்தால் திராட்சை பிழைக்கும்

சிங்கப்பூரில் காரில் நெடும்பயணம் என்று சொன்னால் சிரிப்பு வரும். பாசிர் ரிஸ்ஸில் வண்டியைக் கிளப்பி, தெம்பனிஸ் வழியாகத் தீவு விரைவுச்சாலையைப் பிடித்தால், நெரிசல் இல்லாத நேரத்தில் முக்கால் மணி நேரத்தில் துவாஸ் பக்கம் போய்விடலாம். அந்தச் சாலையின் மொத்த நீளமே ஏறத்தாழ 43 கிலோமீட்டர்தான். கடலும் அப்படியே. பாசிர் ரிஸ் பூங்காவில் நின்று பார்த்தால் எதிரே உபின் தீவு நிற்கும். அதற்கு மேல் பார்வை போகாது.

அதனால்தானோ என்னவோ, பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் குடும்பங்களில் பலர் பெர்த்துக்கு டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஐந்து மணி நேர விமானப் பயணம். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. அங்கேயும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குச் சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமமே போதும்.

பெர்த்திலிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டரில் மார்கரெட் ரிவர் இருக்கிறது. ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், மறுபக்கம் திராட்சைத் தோட்டங்கள். ஆஸ்திரேலியாவின் பேர்பெற்ற வைன் வட்டாரங்களில் ஒன்று. கடந்த மார்ச் விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் போனோம்: நான், என் கணவர், உயர்நிலை இரண்டில் படிக்கும் மகன், தொடக்கநிலை நான்கில் இருக்கும் மகள், என் அம்மா. பயணத்துக்குத் திட்டம் போடுவது சுலபமாக இருந்தது. அது வைன் ஊர் என்று அம்மாவிடம் சொல்வதுதான் சிரமமாக இருந்தது.

அம்மாவின் நிபந்தனை

அம்மாவுக்கு வயது 65. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தவர். பெண் பார்க்க வந்தவர்களிடம் மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ கேட்காமல், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: “குடிப்பாரா?” இல்லை என்று பதில் வந்த பிறகே காபித் தட்டு நீண்டது என்று அப்பா கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். அப்பா காலமான பிறகு, எங்களுக்கு இரண்டு புளோக் தள்ளி ஓர் ஈரறை வீட்டில் அம்மா இருக்கிறார். பகல் முழுவதும் எங்கள் வீட்டில்தான்.

மது என்றாலே எங்கள் வீட்டில் குரல் தாழ்ந்துவிடும். இந்த ஊர்த் தமிழர்களுக்கும் அதனோடு ஒரு பழைய கணக்கு உண்டு. அரசாங்கமே கள்ளுக்கடை நடத்திய காலம் இங்கே இருந்தது. நம் காலத்தில், 2013 டிசம்பர் 8ஆம் தேதி நடந்த லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு, 2015இல் ஒரு சட்டம் வந்தது. இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தக்கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் கட்டுப்பாடு இன்னும் அதிகம். பலருக்கு அது வருத்தம். தேக்காவில் காய்கறி வாங்கப் போகும்போது அதைப் பற்றிப் பேச்சு வந்தால் அம்மா மட்டும், “நல்லதுதான்” என்பார்.

நானும் கணவரும் எப்போதாவது வெள்ளிக்கிழமை இரவில் ஆளுக்கு ஒரு கிளாஸ் வைன் குடிப்பதுண்டு. பாட்டில் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், பெரிய இட்லிப் பானைக்குப் பின்னால் இருக்கும். என் அலுவலகத் தோழிகள் பலர் வீட்டிலும் இப்படி ஒரு மேல்தட்டு இருக்கிறது.

அம்மாவிடம் ஊரைப் பற்றிச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். பிறகு, “வர்றேன். காட்டப் பாக்குறேன், கடலப் பாக்குறேன். ஆனா அந்த எடத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன்” என்றார். “சரிங்க அத்தை” என்றார் என் கணவர்.

110இல் ஓடும் சாலை

போக நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மேற்கு ஆஸ்திரேலியா உணவுப் பொருள் விஷயத்தில் மிகக் கறார். பழம், விதை, தேன் எதையும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. அம்மாவின் கறிவேப்பிலைக் கொத்து வீட்டிலேயே தங்கிவிட்டது. கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத இட்லிப் பொடியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் அட்டையில் எழுதிக் காட்டினோம்.

பெர்த்தை விட்டு வெளியே வந்ததும் வேக வரம்பு 110 ஆகிறது. சிங்கப்பூரில் எந்த விரைவுச்சாலையிலும் 90ஐத் தாண்ட முடியாது என்பதால் முதல் அரை மணி நேரம் கணவருக்குக் கால் அழுத்த மனமே வரவில்லை. மது விஷயத்தில் கணக்கு மாறுகிறது. இங்கே நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை வரம்பு, அங்கே 50தான். அதனால் ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் தொடுவதில்லை என்று முன்பே பேசிக்கொண்டோம். இன்னொன்று, பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். அந்தி நேரத்தில் கங்காரு எந்தப் புதரிலிருந்து குதிக்கும் என்று சொல்ல முடியாது.

பன்பரியைத் தாண்டி பஸல்டனில் இறங்கினோம். அங்கே கடலுக்குள் 1,841 மீட்டர் நீளும் மரப்பாலம் ஒன்று இருக்கிறது. 1865இல் சிறியதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். கரையோரம் கடல் ஆழமில்லாததால் கப்பல் அருகே வரவில்லை. கப்பல் வராததால் பாலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். இப்போது அதன் மேல் ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. பிள்ளைகள் ரயிலில் போக, அம்மா நடந்தே வருவேன் என்றார். பாதி வழியில் நின்று, “ரெண்டு பக்கமும் ஒண்ணுமே இல்ல பாரேன்” என்றார். எதிரே தீவும் கப்பலும் இல்லாத கடலை நான் பார்த்தும் ரொம்ப நாளாகிவிட்டது.

பூவும் பறவையும்

பஸல்டனிலிருந்து தெற்கே இறங்கும் கேவ்ஸ் ரோடு, இரண்டு முனைகளுக்கு நடுவே நூறு கிலோமீட்டருக்கும் மேல் கடலை ஒட்டியே போகிறது. வடக்கே நேச்சுரலிஸ்ட் முனை, தெற்கே லூவின் முனை. மரங்களுக்கு நடுவே கடல் தெரியும், மறையும். இன்னொரு பக்கம் கம்பியில் படர்ந்த திராட்சை வரிசைகள். அவற்றின் மேல் வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள்.

அம்மா முதலில் கவனித்தது அந்த வலையைத்தான். “பந்தல் இல்ல, வேலி மாதிரி நிறுத்திருக்காங்க. வலை எதுக்கு, குருவிக்கா?” என்று கேட்டார். கம்பத்துத் திராட்சை, கல்தூண் ஊன்றி, மேலே கம்பி இழுத்த பந்தலில் தொங்கும். ஆட்கள் அடியில் நிழலில் நின்று குலையை வெட்டுவார்கள். இங்கே தோள் உயரத்துக்கு வரிசை வரிசையாக வெயிலைப் பார்த்து நிற்கிறது.

வலை குருவிக்காகத்தான். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சின்னப் பறவை அது. நம் ஊர் வெள்ளைக்கண்ணிக்குச் சொந்தம். கூட்டமாக வந்தால் தோட்டத்தையே கொத்திவிடும். இந்த வட்டாரம் தொடங்கிய கதையிலேயே அந்தப் பறவை வருகிறது. 1960களின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் ஆய்வாளர், பால் மாடு மேய்ந்துகொண்டிருந்த இந்தப் பகுதியின் மழையும் வெயிலும் திராட்சைக்கு மிகவும் ஏற்றவை என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு, பெர்த்தில் இதய மருத்துவராக இருந்த டாம் கல்லிட்டி 1967இல் இங்கே கொடி நட்டார். வார இறுதி தோறும் பெர்த்திலிருந்து காரில் வந்து வேலை பார்த்தார். குலை பழுத்தபோது பறவைகள் முந்திக்கொண்டன. அவற்றை விரட்ட ஒரு வல்லூறைக் கொண்டுவந்தார். அவிழ்த்துவிட்டதும் அது பறந்து போனது; திரும்பி வரவே இல்லை. அவர் தொடங்கிய வாஸ் ஃபீலிக்ஸ் நிறுவனத்தின் சின்னத்தில் இன்றைக்கும் அந்த வல்லூறு இருக்கிறது.

வலையைவிட நல்ல காவல் ஒன்று உண்டு என்று அங்கே சொல்கிறார்கள். அது மாரி மரம். யூக்கலிப்டஸ் வகையைச் சேர்ந்த உயரமான மரம். கோடையின் கடைசியில், திராட்சை பழுக்கும் அதே நேரத்தில், வெண்மஞ்சள் நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அது நன்றாகப் பூத்த ஆண்டில் பறவைகள் தேன் குடிக்கப் போய்விடும், திராட்சை பிழைக்கும். பூக்காத ஆண்டில் வலை இல்லாமல் முடியாது. அதனால் விவசாயிகள் வானத்தைப் பார்ப்பதைப் போல மாரி மரத்தையும் பார்க்கிறார்கள். மாரி என்பது அந்த மண்ணின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களின் சொல். நமக்கு அது மழை, அம்மாவுக்குக் குலசாமி. “மாரி பூத்தா திராட்சை பொழைக்குமா?” என்று கேட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இரண்டு மொட்டு

மூன்றாம் நாள் ஒரு சிறிய குடும்பத் தோட்டத்துக்குப் போனோம். வைன் சுவைக்கும் கூடத்துக்குப் பக்கத்திலேயே கொடி வரிசைகள். கணவரும் பிள்ளைகளும் வெளியே புல்தரையில் உட்கார்ந்தார்கள். நான் உள்ளே போனேன். அம்மா சொன்னபடியே வாசலோடு நின்றுகொண்டார்.

சிறு சிறு கிளாஸில் நாலைந்து வகை ஊற்றித் தருகிறார்கள். முகர்ந்து, வாயில் வைத்துச் சுழற்றி, விழுங்காமல் பக்கத்தில் உள்ள வாளியில் துப்பிவிடுகிறவர்களும் உண்டு. கண்ணாடிச் சுவர் வழியாக அதைப் பார்த்த அம்மா, நான் வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி: “காசு குடுத்துட்டா துப்புறாங்க?”

அந்த நேரத்தில் வரிசைக்குள்ளிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். தோட்ட வேலை முழுவதும் அவர் பொறுப்பு. என் அம்மா திராட்சை விவசாயி வீட்டுப் பெண் என்றதும், வெளியூர் ஆட்களைப் பொதுவாக உள்ளே விடுவதில்லை என்று சொல்லிக்கொண்டே, காலணியைத் துடைக்கச் சொல்லி முதல் வரிசைக்கு அழைத்துப் போனார். நான் நடுவில் மொழிபெயர்ப்பாளர். பத்து நிமிடத்தில் எனக்கு வேலை குறைந்துவிட்டது.

அவர் ஒரு தண்டைக் காட்டி, குளிர்காலத்தில் இதை வெட்டுவோம் என்றார். அம்மா தண்டைத் தொட்டுப் பார்த்து, அடியிலிருந்து இரண்டாம் கணுவில் விரல் வைத்தார். அந்தப் பெண் தலையாட்டி, இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு மொட்டு விட்டு வெட்ட வேண்டும். “கவாத்து எல்லா ஊர்லயும் கவாத்துதான்” என்றார் அம்மா. இங்கே ஆண்டுக்கு ஒரே அறுப்பு. வெள்ளை வகைகள் பெரும்பாலும் முடிந்து, சிவப்பு வகைகள் காத்திருந்தன. கம்பத்தில் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும் என்று அம்மா சொன்னதை நான் மொழிபெயர்த்தபோது அந்தப் பெண் நம்பாமல் பார்த்தார். அறுப்பு நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும் என்ற கவலை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இங்கே மழை குளிர்காலத்தில் பெய்வதால் அறுப்பு பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது.

கடைசியில் அவர் வலையைத் தூக்கி, கேபர்நே வகையில் ஒரு சின்னக் கொத்தைக் கிள்ளித் தந்தார். பழம் சுண்டைக்காய் அளவுதான். தடித்த தோல், விதை. அம்மா வாயில் போட்டதும் முகம் மாறியது. “இம்புட்டு இனிப்பா?” என்றார். ஆமாம், வைன் திராட்சை, நாம் கடையில் வாங்கித் தின்னும் திராட்சையைவிட இனிப்பு. அந்தச் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. பழம் எவ்வளவு இனிப்போ, மதுவுக்கு அவ்வளவு வீரியம். இதைச் சொன்னேன். அம்மா கையிலிருந்த மீதிப் பழத்தைப் பார்த்துக்கொண்டே, “இத்தன இனிப்பையா இவங்க கசக்க வைக்கிறாங்க” என்றார்.

கல்தூண்கள்

அங்கிருந்து தெற்கே போகும் வழியில் போரானப் காடு. சாலையின் இரு பக்கமும் வெளிர்நிறப் பட்டையோடு காரி மரங்கள் நேராக வானத்துக்குப் போகின்றன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் காட்டை மரத்துக்காக வெட்டினார்கள். இப்போது நிற்பது அதற்குப் பிறகு வளர்ந்தது. வண்டியை ஓரம் நிறுத்தினோம். அப்போதுதான் என் மகன் கேட்டான்.

“அம்மாச்சி, உங்களுக்குத் திராட்சை பிடிக்குது. அப்புறம் வைன் மட்டும் ஏன் பிடிக்கல?”

எனக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்தான்: தாத்தா நிலத்தை விற்றுவிட்டார். அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார்.

தாத்தாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை இருந்தது. பந்தலுக்கு நட்ட ஒவ்வொரு கல்தூணிலும் உளியால் எண் கொத்தி வைத்திருந்தார், எந்தத் தூணடியில் எந்தக் கொடி என்று கணக்கு வைக்க. 1981இல் தமிழ்நாட்டில் சாராயக்கடைகள் மறுபடி திறந்தன. கமிஷன் கடையிலிருந்து அறுப்புப் பணம் வரும் நாளில் பாட்டி பொழுது சாயும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பார். மூன்று ஆண்டில், அரை அரை ஏக்கராக நிலம் போனது. கடைசி அரை ஏக்கரை வாங்கியவருக்குப் பந்தல் தேவைப்படவில்லை. தாத்தா கம்பியைச் சுருட்டி எடைக்குப் போட்டார். பிறகு தூண்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி விற்றார்.

“கல்யாணமாகி மறுவீடு போறப்ப பஸ்ல இருந்து பாத்தேன். ஒருத்தர் மாட்டுக் கொட்டகைக்கு எங்க தூணு நிக்குது. 17ஆம் நம்பரு. நான்தான் அந்தக் கொடிக்குத் தண்ணி விடுவேன்.”

யாரும் பேசவில்லை. பிறகு மகன், “தாத்தா கெட்டவரா?” என்று கேட்டான்.

“இல்லடா. கவாத்துல அவரு கைய அடிச்சுக்க அந்த ஊர்ல ஆளில்ல. குடிக்காத நாள்ல தங்கமான மனுசன்.”

பிள்ளைகளிடம் மதுவைப் பற்றிப் பேச நமக்கு இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, தொட்டால் குடும்பமே அழிந்துவிடும் என்று மிரட்டுவது. இன்னொன்று, பேசாமல் மேல்தட்டில் ஒளித்து வைப்பது. என் மகன் அன்று கேட்டது இரண்டிலும் சேராத ஒன்று. காலையில் அதே செடியின் பழத்தைத் தின்றான், அதன் பின்னால் உள்ள உழைப்பைப் பார்த்தான், மதியம் அது ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்று கேட்டான். இரண்டும் உண்மை என்று அவனுக்குப் புரிந்ததா, தெரியாது. ஆனால் பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வரவேற்பறையில் இந்தக் கேள்வியும் வந்திருக்காது, பதிலும் வந்திருக்காது. இதற்கு இத்தனை தூரச் சாலை தேவைப்பட்டது.

லூவின் முனையில் நின்றபோது காற்று ஆளைத் தள்ளியது. இந்தியப் பெருங்கடலும் தென் பெருங்கடலும் சேரும் இடம் என்பார்கள். 1896இல் ஒளி ஏற்றிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் அங்கே இருக்கிறது. அதைக் கேட்டதும், “நம்ம பென்னிகுக் அணை கட்டி முடிச்சதுக்கு மறு வருஷம்” என்றார் அம்மா. முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. கம்பத்துக்காரர்களுக்கு அந்த ஆண்டு மறக்காது.

மேல்தட்டு

அன்று இரவு வாடகை வீட்டில் அம்மா எலுமிச்சைச் சாதம் செய்தார். தோட்டத்தில் நான் வாங்கிய ஒரு பாட்டில் பையிலேயே இருந்தது. கணவர் என்னைப் பார்த்தார், நான் பையைப் பார்த்தேன்.

“எடுத்துக் குடிங்க” என்றார் அம்மா, தட்டைக் கழுவிக்கொண்டே. “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அந்த இட்லிப் பானைக்குப் பின்னாடி தூசி தட்டுறது யாரு?”

ஆளுக்கு அரை கிளாஸ் ஊற்றிக்கொண்டோம். அம்மா எதிரே உட்கார்ந்து மோர் குடித்தார். அவர் மனம் மாறவில்லை. மாற வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டாம் முறை ஊற்றக் கை நீண்டபோது அவர் பார்த்த பார்வையில் பாட்டிலை மூடிவிட்டேன்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று மகன் கைத்தொலைபேசியில் தேடிக் கண்டுபிடித்து அவரிடம் காட்டினான். அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தார். கல்தூண் பந்தல், அடியில் தொங்கும் கருநீலக் குலைகள்.

“டிசம்பர் லீவுல மதுரைக்கு டிக்கெட் போடச் சொல்லு உங்கப்பாவ” என்றார் அவனிடம். “அங்கருந்து கம்பம் ரோடு எனக்குத் தெரியும். அந்த மாட்டுக் கொட்டகையும் தெரியும்.”